நான் சுரண்டிய சாட்சிகள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நாற்று நடப் போய்விட்டேன். அதன் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் ரேஷன் கடையிலும் பத்திர ஆபீசிலும் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணலாக இருக்கும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகும். சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தில், வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு வாங்கினவர்கள் அந்தக் கதையை எழுதித் தரலாம் என்று சொன்னார்களாம். பேத்தி நோட்டு வாங்கி வந்து கொடுத்துவிட்டாள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அதற்கு முன் ஆற்றங்கரையில், வயலும் வாய்க்காலுமாக உள்ள ஊர். என் வீட்டுக்காரர் மாட்டுக்கயிறு விற்பவர். மூக்கணாங்கயிறு, மாட்டைக் கட்டும் தும்பு, கழுத்துமணி, இதுதான் சரக்கு. தாமிரபரணிப் பக்கம் மாடு குறைந்து டிராக்டர் வந்த பிறகு, மாட்டுச் சந்தை கூடும் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று இங்கே வந்தோம். சனிக்கிழமைச் சந்தை அப்போது பெரிதாக இருக்கும். கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் மாடு ஓட்டி வருவார்கள்.

சந்தைக்கு முன்னால் இந்த ஊருக்குப் பேர் சுண்ணாம்புக்கல் குவாரியால்தான். நாங்கள் வரும்போது குவாரியை மூடிச் சில வருடம் ஆகியிருந்தது. தோண்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. வேலை நடந்த காலத்தில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்களாம். பம்பை நிறுத்தியதும் ஊற்று ஏறி, பள்ளம் பச்சைத் தண்ணீராக நிறைந்துவிட்டது. அதன் கரையில் வேலைக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளை, இருந்தவர்களுக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் வாடகைக்குக் குடிவந்தோம். முன் அறை, உள் அறை, அடுப்படி, பின்னால் ஒரு முருங்கைமரம். முருங்கைக்குப் பின்னால் நாற்பது ஐம்பது அடி நடந்தால் பள்ளம். முதல் நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. பிறகு அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வீட்டின் சொந்தக்காரர் குவாரியில் வேட்டு வைக்கப் பாறைக்குத் துளை போட்டவர். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மனைவி இறந்த பிறகு திருச்செந்தூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார். நாங்கள் குடிவந்து மூன்று மாதம் இருக்கும், ஆடிக் கடைசியில் வந்து, "வீட்டைக் கொடுத்திரலாம்னு இருக்கேன். வெளிய சொல்லுததுக்கு முன்னால ஒம்மட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா வே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. மகளுக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம் அழைத்து வரவேண்டும். "பிள்ளை பொறக்கும்போது நம்ம வீட்டுல பொறக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். ஐப்பசியில் பத்திரம் என்று பேசி முடித்தார்கள். பத்திரம் என் பேரில் என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அவருடைய தம்பிமார் நாளைக்குப் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாது என்று.

மகள் வருகிறாளே என்று ஆவணியில் வெள்ளையடிக்க ஆரம்பித்தேன். வினை அங்கேதான்.

அந்த வீட்டுச் சுவர்களில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தைத் தோசைக் கனத்தில் அப்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆணியால் ஏதோ கீறியிருந்தது. கண்ணேறு கழிக்க வைத்ததோ, ஓட்டை அடைத்ததோ என்று நினைத்தேன். தெருவில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். மூன்று மாதமாகியும் நான் யாரோடும் நின்று பேசியதில்லை. தண்ணீர்க் குழாய்க்குக்கூடக் கூட்டம் கலைந்த பிறகுதான் போவேன். எங்கள் ஆற்றங்கரை ஊரில் மண்சுவர் வருடா வருடம் வெடிக்கும், வருடா வருடம் வெள்ளையடித்து மூடுவோம். யாரும் அதற்காகப் பயந்ததில்லை. அந்த நினைப்பில், பழைய தோசைக்கரண்டியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டினேன். நன்றாக ஒட்டியிருந்தது. கை கன்றிப்போயிற்று. உள் அறையில், மகளுக்குக் கட்டில் போட வைத்திருந்த இடத்துக்கு மேலே ஒன்று இருந்தது. அது மட்டும் அதிகம் சுரண்டாமலே இரண்டு துண்டாகக் கையில் வந்தது. எல்லாவற்றையும் கூட்டி அள்ளி முருங்கை மரத்தடிக் குப்பையில் கொட்டிவிட்டு, மட்டையால் இரண்டு கை வெள்ளையடித்தேன். வீடு பளிச்சென்று ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

மகள் வந்து நாலைந்து நாள் கழித்து எதிர்வீட்டு மதினி அவித்த கடலை கொண்டு வந்தாள். மதினி குவாரியில் கல் சுமந்தவள். வேட்டுச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அதனால் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வாள். உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, சாட்சிய எங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"சுண்ணாம்பு வச்சிருந்துச்சே, அண்ணாச்சி வச்ச சாட்சி! அதெல்லாம் எங்க?"

சுரண்டிவிட்டேன் என்று கையால் காட்டினேன்.

"அடி பாவி மட்ட! சாட்சிய அழிச்சிட்டு வீடு வாங்கப் போறியா?"

அப்புறம்தான் சொன்னாள். இந்தத் தெருவில் எந்தச் சுவரில் வெடிப்பு விழுந்தாலும் அதன் குறுக்கே சாந்தை அப்பி, மாதத்தையும் வருடத்தையும் கீறி வைப்பார்களாம். சாந்து முழுசாக இருந்தால் வெடிப்பு தூங்குகிறது. சாந்து பிளந்தால் வெடிப்பு நடக்கிறது, பள்ளம் சுவரை இழுக்கிறது என்று அர்த்தம். தெருக்கோடியில் ஒரு வீட்டில் இரண்டு மழைக்கு இரண்டு சாட்சி பிளந்ததாம். மூன்றாம் மழையில் பின்சுவர் மொத்தமாகப் பள்ளத்தில் போய்விட்டதாம். "நல்லவேளை, ஆளுவோ எல்லாம் சந்தையில நின்னாவ" என்றாள்.

உள் அறையில் மகள் படுத்திருந்தாள். காதில் விழுந்துவிடப் போகிறதே என்று நான் கும்பிட்டுக் கும்பிட்டு மதினியை நடைக்குக் கூட்டி வந்தேன்.

"சுரண்டும்போது பாத்தியா? முழுசா இருந்துச்சா, பொளந்திருந்துச்சா?"

"பாக்கல மதினி."

அது பொய். உள் அறையில் இருந்தது இரண்டு துண்டாக வந்ததை நான் பார்த்தேன். ஆனால் முன்னாலேயே பிளந்திருந்ததா, என் கரண்டி பட்டுப் பிளந்ததா என்பது தெரியாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அந்தச் சுவருக்குக் கீழே வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருப்பாள். நான் கதவோரம் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைச் சுவர். ஒன்றுமே தெரியாது. "என்னம்மா, பேய் பிடிச்ச மாதிரி பாக்க?" என்பாள். வெயிலாக இருக்கிறது, முன் அறையில் காற்று வரும், அங்கே படு என்று கட்டிலை நகர்த்தினேன். "இங்கன மாடு கத்துத சத்தம், சந்தைக்குப் போற ஆளுவ சத்தம், எங்கிட்டு ஒறங்க?" என்று அவளே திரும்ப இழுத்துக்கொண்டு போவாள்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம். எத்தனையோ வருட ஆசை அவருக்கு. வாங்கின வீட்டில் என்னென்ன செய்யவேண்டும் என்று கயிறு திரித்துக்கொண்டே பேசுவார். பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு கன்றுக்குட்டி. நான் தலையை ஆட்டுவேன்.

புரட்டாசியில் தசராவுக்குக் குலசைக் கோவிலுக்குப் போகிறவர்கள் வேஷம் கட்டித் தெருத் தெருவாக வந்தார்கள். காளி வேஷக்காரர் எங்கள் வாசலில் நின்று ஆடினபோது, தரை அதிர்கிறதே, சுவர் தாங்குமா என்றுதான் எனக்கு நினைப்பு. காணிக்கையைப் போட்டுச் சீக்கிரம் அனுப்பி வைத்தேன். ஆத்தா மன்னிக்கட்டும்.

அந்த வாரத்தில் மதினி ஒரு வழி சொன்னாள். உடைந்த துண்டு கிடைத்தால் பார்த்துச் சொல்லிவிடலாமாம். முன்னாலேயே பிளந்திருந்தால் பிளந்த ஓரத்தில் புகையும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். கரண்டி பட்டு உடைந்தது என்றால் ஓரம் வெள்ளையாக இருக்கும். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து முருங்கை மூட்டுக்குப் போனேன். பள்ளம் அந்தப் பக்கம் இருக்கிறது என்ற நடுக்கத்தோடேயே குப்பையைக் கிளறினேன். சாணி, சாம்பல், முட்டைத் தோடு. சுண்ணாம்புச் சில்லுகள் நிறையக் கிடைத்தன. உள் அறையில் இருந்தது கனமானது, அதில் ஆணிக்கீறல் ஆழமாக இருந்தது எனக்கு நினைவிருந்தது. அதில் ஒரு பாதி அகப்பட்டது. ஒரே சகதி. குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, மதினியிடம் நீட்டினேன்.

மதினி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளையால்லா இருக்கு" என்று முகம் மலர்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் துண்டைத் தடவிப் பார்த்தவள் கேட்டாள், "ஈரமா இருக்கே. ஏட்டி, கழுவுனியா?"

"அழுக்கா இருந்துச்சு மதினி."

மதினி தலையில் கைவைத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தடவ சொரண்டி அழிச்ச, ஒரு தடவ கழுவி அழிச்ச. நீ போலீஸ் வேலைக்குப் போயிருந்தா ஊருல ஒரு திருடன் அம்புட்டிருக்க மாட்டான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாகிவிட்டது. இரண்டு துண்டாக வந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மதினி சிரிப்பை நிறுத்தினாள்.

அன்றே சுண்ணாம்பும் ஆற்றுமணலும் குழைத்துக் கொண்டுவந்தாள். நான் அடித்த வெள்ளையைச் சுரண்டினபோது அடியில் வெடிப்பு தெரிந்தது, தலைமுடிக் கனத்தில், மேலிருந்து கீழாக. சுவரை நனைத்து, குறுக்கே சாந்தை அப்பி, ஆணியால் மாதத்தைக் கீறினாள். என்ன என்று கேட்ட மகளிடம், "சுகப்பிரசவத்துக்கு" என்றாள் மதினி. நல்லவேளை, அதை மெதுவாகச் சொன்னாள்.

அதிலிருந்து காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கிறேனோ இல்லையோ, அதைப் பார்ப்பேன். முழுசாகத்தான் இருந்தது. ஆனால் மழை இன்னும் பிடிக்கவில்லை. மழை பிடித்துப் பள்ளத்தில் தண்ணீர் ஏறினால்தான் சாட்சி பேசும் என்று மதினி சொல்லியிருந்தாள். பத்திரமோ மழைக்கு முன்னால்.

பத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சனிக்கிழமை வந்தது. நான் சந்தைக்குள் அதுவரை போனதே இல்லை. மாடும் ஆண்களுமாக நெருக்கியடிக்கும் இடம். அன்றைக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். அவரிடம் வீட்டிலே வைத்துச் சொன்னால் மகள் காதில் விழும், அதனால்தான். ஒரு மாட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பார்த்து, "என்ன வே, நூலு மாதிரில்லா இருக்கு" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "என்னளா, பிள்ளைக்கு வலி கண்டுட்டா?"

இல்லை என்று தலையாட்டி, கயிற்று மூட்டைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி, கரண்டி, இரண்டு துண்டு, கழுவினது வரைக்கும். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த தும்பை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு மாசமா இத மனசுல வச்சுக்கிட்டா சோறு பொங்கிப் போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார். மகளை மதினி தன் வீட்டுக்குப் பேச்சுக்கொடுத்து அழைத்துப் போயிருந்தாள். அண்ணாச்சி உள் அறைக்கு வந்து, புதுச் சாட்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இருபது வருசம் இந்தச் செவுத்துக்குக் கீழதான் வே படுத்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கில்ல அண்ணாச்சி. பிள்ளத்தாச்சி படுக்க எடம். அதான் கேக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளி ஆம்பிளைகளிடம் நான் எதிர்நின்று கேள்வி கேட்டதே இல்லை. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அண்ணாச்சி, இங்கன இருந்த சாட்சி முழுசா இருந்துச்சா, பொளந்திருந்துச்சா?"

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். துளைபோட்ட கை அது, எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். "பொளந்துதான் இருந்துச்சு தங்கச்சி" என்றார். "தண்ணி ஏறுன வருசம் பொளந்துச்சு. எம் பொஞ்சாதி இருக்கும்போதே."

"பெறகு வேற வைக்கலையா?"

"வைக்கல."

"ஏன் அண்ணாச்சி?"

"வச்சா பாக்கணும்லா."

சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுரண்டிப்போட்டு, "பாக்கல" என்று சொன்னவள்தானே நானும்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பத்திரம் ஒம் பேருல. நீதான் சொல்லணும்" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் அதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னால் நிறைமாதப் பிள்ளையோடு எங்கே போவது? சரி என்று சொன்னால்?

"மழை முடியட்டும்" என்றேன். "சாட்சி முழுசா நின்னா தையில பத்திரம். பொளந்தா நாங்க போயிருதோம்."

"ஆட்டு யாவாரி ஒருத்தரு கேட்டுக்கிட்டு இருக்காரே" என்று அண்ணாச்சி இழுத்தார். பிறகு அவரே, "சரி, அவருகிட்டயும் இதத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே மகள் கட்டில் முன் அறைக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை அப்பா சொன்னதால் பேசாமல் இருந்தாள். கயிற்று மூட்டைகளை உள் அறையில் போட்டு, அந்தச் சுவருக்குக் கீழே என் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "கயிற எலி கடிக்கும்ளா" என்றார்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மதினிதான் போய்ப் பார்த்துச் சொல்வாள், கரை தொட இன்னும் ரெண்டு ஆள் மட்டம், ஒரு ஆள் மட்டம் என்று. நாலாம் நாள் உச்சிப்பொழுதில், நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வேட்டு வைத்ததுபோல ஒரு சத்தம். காலுக்குக் கீழே தரை ஒரு தடவை அசைந்து நின்றது. அலமாரியில் இருந்த செம்பு உருண்டு விழுந்தது.

மகளை எப்படிப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன் என்று நினைவில்லை. தெருவே மழையில் நின்றது. பழைய குவாரிக்காரர்கள் இரண்டு பேர் பழக்கத்தில் தலையைப் பொத்திக்கொண்டு குத்தவைத்திருந்தார்கள். பள்ளத்தின் மேற்குக் கரை, பனை நின்ற இடம், அப்படியே சரிந்து உள்ளே போய்விட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். எங்கள் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்கு நார் எடுக்கப் போயிருந்தார். மகளை மதினி வீட்டில் உட்கார வைத்தேன். சாட்சியைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போகவும் முடியவில்லை. வாசல் வரைக்கும் போவேன், திரும்புவேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போய் அந்தச் சுவர் முன்னால் திறந்தேன்.

சாட்சியின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. மேலிருந்து கீழ் வரைக்கும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து ஓடக்கூடத் தோன்றவில்லை. வீடு போயிற்று, இனிமேல் எங்கே போவோம் என்றுகூட நினைக்கவில்லை. அவர் இத்தனை நாள் இதற்குக் கீழே படுத்திருந்தாரே என்பதுதான் ஓடியது. என்னைத் தேடிக்கொண்டு மதினி வந்தாள். நான் கையை மட்டும் நீட்டினேன். கிட்டப்போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நகத்தால் மேல் நுனியைக் கிள்ளி இழுத்தாள். கோடு அவள் கையோடு வந்துவிட்டது.

"ஏட்டி, முடிட்டி! ஒம் மவ தல சிக்கெடுத்தது பறந்து வந்து ஈரத்துல ஒட்டியிருக்கு!"

நான் நம்பவில்லை. அந்த முடியை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தேன். சாட்சியை விரலால் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. ஈரம் ஏறி இருந்தது, ஆனால் முழுசு.

ஒன்பது நாளோ பத்து நாளோ கழித்துப் பேத்தி பிறந்தாள். தையில் பத்திரம் ஆனது. கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கினதைப் பார்த்து, ஆபீசில் இருந்தவர், "பயப்படாம போடுங்கம்மா, ஒங்க வீடுதான" என்றார். அதனால்தானே பயம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கன்றுக்குட்டி வந்தது, கொட்டகை வந்தது, இரண்டும் போய்விட்டன. அவரும் போய்விட்டார், மதினியும் போய்விட்டாள். வருடா வருடம் மழைக்கு முன்னால் நானே சாந்து குழைத்துப் புதுச் சாட்சி வைப்பேன். ஒன்றும் பிளந்ததில்லை. இருந்தும் மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது.

நூலகத்து ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் வந்த வருடம் தொண்ணூற்று நாலா அஞ்சா, பேத்தி பிறப்புச் சீட்டைப் பார்த்துச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கரை சரிந்தது மேற்கா தெற்கா என்றும் பழைய ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று. நோட்டை வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் உள் அறைக்கும் வாருங்கள். போன ஐப்பசியில் வைத்த சாட்சியின் ஓரத்தில் ஏதோ கோடு மாதிரித் தெரிகிறது. முடியா, என்ன என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நல்ல கண் உள்ள யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அதைத் துடைக்கவில்லை, தொடவும் இல்லை.